ஒரு கிலோ ஆகட்டும்

குற்றிச்சிறையில் பெண் கட்டியவனுக்கு வயதே ஆவதில்லை. தாடி நரைக்கும், பல் விழும், முட்டி தேயும். ஆனாலும் பெண்டாட்டி வீட்டாருக்கு அவன் கடைசி வரைக்கும் 'புதியாப்பிளை'தான். இம்பிச்சிக்கோயா முப்பத்தொன்பது வருஷமாக ஒரே வீட்டுக்குப் புது மாப்பிள்ளை. வயது அறுபத்தாறு. கேட்கிறவர்களுக்கு இனிப்பாகத்தான் இருக்கும். அதன் கசப்பு, பெண்டாட்டி செத்த பிறகுதான் நாக்கில் படும்.

கோழிக்கோட்டில் அந்தப் பக்கத்துக் கோயா முஸ்லிம் வீடுகளில் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. பிறந்த வீட்டிலேயே இருப்பாள். கல்யாணத்தன்று அவளுக்கென்று ஓர் அறை ஒதுக்குவார்கள். மாப்பிள்ளை இரவுச் சாப்பாட்டுக்கு வருவான், அந்த அறையில் படுப்பான், காலையில் பசியாறிவிட்டு வேலைக்குப் போவான். அறை அவளுடையது. அவளுக்குப் பிறகு அவள் மகளுடையது. சைனபிக்கு மகளும் இல்லை, மகனும் இல்லை. ஆடி மழையில் நாலு நாள் மூச்சிரைத்துக் கிடந்து அவள் போய்ச் சேர்ந்தாள்.

பெண்டாட்டி இறந்தால், நாற்பதாம் நாள் ஓதல் முடிந்ததும் மரியாதை தெரிந்த மனுஷன் தானாகவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு தன் உம்மா வீட்டுக்குத் திரும்பிவிடுவான். யாரும் போகச் சொல்ல மாட்டார்கள். புதியாப்பிளையைப் பார்த்து 'போ' என்று சொன்ன நாக்கு அந்த வீட்டில் பிறந்ததே இல்லை. அதில் அவர்களுக்கு ஏகப் பெருமை. சொல்லாமலே புரிந்துகொள்ள வேண்டியது மாப்பிள்ளையின் வேலை.

இம்பிச்சிக்கோயாவுக்கும் புரியாமல் இல்லை. பெட்டியைக் கட்டக் கயிறுகூட வாங்கி வைத்திருந்தார். குறுக்கே வந்தது ஒரு பூனைக்குட்டி.

சைனபி வளர்த்த பூனை அவள் கட்டிலுக்கடியிலேயே மூன்று குட்டி போட்டிருந்தது. படுக்கையில் விழுந்த பிறகும் ஒரு கையைக் கீழே தொங்கவிட்டு அவற்றைத் தடவிக்கொண்டே இருப்பாள். அவள் இறந்த வாரத்தில் தாய்ப்பூனை மீன் ஆட்டோவில் அடிபட்டது. இரண்டு குட்டிகள் வயிற்றுப்போக்கில் போயின. மிஞ்சியது சாம்பல் நிறத்தில் ஒன்று. காதும் கண்ணும்தான் அதற்கு உடம்பு. எடை பார்த்தே பிழைத்தவர் என்பதால் அதற்குப் பொன் நிறுக்கிற பழைய அளவான 'தோலா' என்று பேர் வைத்தார்.

வலியங்காடிச் சந்தையில் ஒரு மிளகு மண்டியில் முப்பத்தெட்டு வருஷம் எடைக்காரராக இருந்தவர் அவர். முட்டி வலியில் வேலையை விட்டபோது, மாதிரி மிளகு நிறுக்கிற சின்னக் கைத்தராசையும் பித்தளைப் படிக்கற்களையும் முதலாளி அவருக்கே கொடுத்துவிட்டார். அந்தத் தராசுத் தட்டில் குட்டியை வைத்தார். நானூற்றுப் பத்து கிராம். இரண்டரை மாதக் குட்டி.

அது தின்பதைப் பார்க்கவே பயமாக இருக்கும். தட்டு தரையைத் தொடுவதற்குள் தலையை உள்ளே விட்டுவிடும். மெல்லுகிற பேச்சே கிடையாது. வயிறு பந்துபோல் உப்பும். ஐந்து நிமிஷம் கழித்து முதுகை வளைத்து, கழுத்தை நீட்டி, விழுங்கியதை முழுசு முழுசாக வெளியே தள்ளும். அப்புறம் அதையே திரும்பத் தின்னப் போகும்.

அந்த வீட்டு அடுக்களையில் எந்நேரமும் ஏழெட்டுப் பெண்கள். குட்டி கத்தினால் ஆளுக்கொன்று எறிவார்கள். மீன் தலை, கோழித்தோல், பத்திரி என்கிற அரிசி ரொட்டித் துண்டு, கையில் எது இருக்கிறதோ அது. எறிந்த அடுத்த நொடி கொல்லைப்புறத்துக் கடுவன் பூனைகள் நாலு பாயும். அதற்குள் விழுங்கினால்தான் உண்டு. குட்டி வேறு எப்படித்தான் தின்னும்?

"தின்னவும் கக்கவும்தான் பொறந்திருக்கு இது" என்றாள் பாத்தேயி. முப்பது வருஷமாக அந்த வீட்டில் சமைக்கிறவள், அவரை அண்ணன் முறையில் 'காக்கா' என்பாள். "கண்ணு பட்டிருக்கும் காக்கா. மொளகா சுத்திப் போடட்டுமா?"

"மொளகாய நீயே வெச்சுக்க. முப்பத்தெட்டு வருஷம் மொளகு மூட்டைக்கு நடுவுல ஒக்காந்திருந்தேன். ஒரு மூட்டைக்கும் கண்ணு பட்டு நான் பாக்கல."

"அப்ப மூட்டையாட்டம் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க."

போனார். மிருக ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா சின்ன வயதுதான். குட்டியின் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு இவரைத்தான் முறைத்தாள்.

"ஒரு நாளைக்கு எத்தன தடவ போடறீங்க?"

"தடவன்னு ஒண்ணும் இல்லம்மா. பாக்கறவங்க எல்லாம் போடறாங்க."

"அதான் வியாதி." எடைக்குத் தக்கபடி புழு மருந்து கொடுத்தாள். "ஆறு தடவ. ஒவ்வொரு தடவையும் ரெண்டே ஸ்பூன். மீன முள்ளெடுத்து மசிச்சு, அகலமான தட்டுல மெலிசாப் பரப்பி வைங்க. அள்ளி விழுங்க முடியாது, நக்கித்தான் ஆகணும். கக்கினா உடனே திரும்பப் போடாதீங்க. அது திங்கறப்ப வேற பூனை கூடாது, வேடிக்க பாக்க ஆளும் கூடாது. கதவச் சாத்திட்டுக் குடுங்க."

"எவ்வளவு நாளைக்கு?"

"இந்த வயசுக்கு ஒரு கிலோவாவது இருக்கணும். அதத் தொட்டுட்டா பயமில்ல. இப்படியே கக்கிட்டிருந்தா நிக்காது."

கதவைச் சாத்த வேண்டும் என்றால் கதவு வேண்டும். அவருடைய உம்மா வீட்டில் அறைகளெல்லாம் தங்கைகளுக்கும் தங்கை பெண்களுக்கும் உரியவை. ஆண்பிள்ளைகளுக்கு முன்கூடம்தான். இரவில் பாயை விரித்து, விடியும் முன்னே சுருட்டிவிட வேண்டும். பத்துப் பேர் போகவர இருக்கிற இடம். அங்கே இந்தக் குட்டி ஒரு வாரம் தாங்காது. சைனபியின் கை தொட்டதில் உயிரோடு மிஞ்சியது இது ஒன்றுதான். இதையும் மண்ணில் போட்டுவிட்டுப் போக அவருக்கு மனசு வரவில்லை. அது ஒரு கிலோ ஆகும் வரைக்கும் அந்த அறை வேண்டும் அவருக்கு.

அன்றைக்கே சாப்பாட்டுச் சடங்கு ஆரம்பமாயிற்று. பெரிய தாம்பாளத்தில் மத்தி மீன் விழுதைப் பூசினாற்போல் பரப்புவார். அப்படியும் குட்டி வழித்து விழுங்கப் பார்த்ததால் பித்தளைப் படிக்கற்களைத் தேய்த்துக் கழுவி இடையிடையே வைத்தார். குட்டி ஒவ்வொரு கல்லையும் சுற்றிச் சுற்றி நக்க வேண்டியிருந்தது. இரண்டு ஸ்பூன் மீனுக்குக் கால் மணி நேரம். முதல் நாள் ஒரு தடவைதான் கக்கியது. மூன்றாம் நாள் கக்கவே இல்லை.

இந்த வித்தையை டாக்டரம்மா பாதிதான் சொல்லிக் கொடுத்தாள். மீதி சைனபி சொல்லிக் கொடுத்தது.

இம்பிச்சிக்கோயா வளர்ந்த வீட்டில் சகன் என்கிற ஒரே பெரிய சாப்பாட்டுத் தட்டைச் சுற்றி எட்டுப் பையன்கள் உட்காருவார்கள். பேசினால் இறைச்சி போச்சு. இருமினால் சோறும் போச்சு. கல்யாணமான முதல் ராத்திரி அந்தப் பழக்கத்தில் பதினொரு பத்திரியை அவர் பறக்கப் பறக்க விழுங்கியதைப் பார்த்து, பதினெட்டு வயதுச் சைனபி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இங்க யாரும் புடுங்க வர மாட்டாங்க" என்றாள். மறுநாளிலிருந்து பத்திரி அடுக்கைத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத்தான் கொடுத்தாள். "அடுத்தது வேணுமா? இன்னைக்கு வலியங்காடியில என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க, தரேன்." மூட்டை தூக்குகிறவர்களின் சண்டை, முதலாளியின் கஞ்சத்தனம், சந்தைக்குள் புகுந்த மாடு என்று பத்திரிக்கு ஒரு கதை சொன்னார். இரண்டு வருஷத்தில் மனுஷனாகச் சாப்பிடக் கற்றுக்கொண்டார். கதை கேட்கிற வழக்கம் மட்டும் அவள் மூச்சிரைக்கத் தொடங்கும் வரை நிற்கவில்லை.

இப்போது குட்டிக்கு முதல் ஸ்பூனுக்கும் இரண்டாவது ஸ்பூனுக்கும் நடுவில் அவர் வலியங்காடிக் கதை சொன்னார். அது தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. சைனபி முகத்தைப் பார்த்துக் கேட்பாள்.

நாற்பதாம் நாள் ஓதல் முடிந்தது. மறுநாள் சைனபியின் தங்கை கதீசபி தானே தட்டைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்தாள். அவள் மகள் ஷபானாவுக்கு ஐந்து வாரத்தில் கல்யாணம். வீட்டில் பதினோரு அறை, பதினொன்றிலும் ஆள். காலியாகக்கூடியது இது ஒன்றுதான். தட்டில் நெய்ச்சோறு, அயக்கூரை என்கிற வஞ்சிர மீன் வறுவல், கோழிப் பொரியல்.

"செவுரெல்லாம் கரி புடிச்சாப்ல இருக்கு காக்கா" என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டே. "வெள்ளையடிக்கிறவன் வர்றேன்னான். உங்களுக்கு அந்த நெடி ஒத்துக்குமோ என்னமோ."

"எனக்கு ஒத்துக்கும் கதீசா. இதுக்குத்தான் ஒத்துக்காது." மடியில் கிடந்த குட்டியைக் காட்டினார். தனக்காக ஒரு டம்ளர் தண்ணீர்கூட அந்த வீட்டில் அவர் கேட்டதில்லை. குட்டிக்காகக் கேட்டார். "டாக்டரம்மா இது ஒரு கிலோ ஆகணும்னாங்க. கதவச் சாத்தித் தீனி போடணுமாம். ஒரு கிலோ ஆகட்டும். நான் போயிடறேன்."

"படச்சவனே! போறதப் பத்தி இங்க யாரு பேசினா? இது உங்க வீடு இல்லியா?" சொல்லும்போதே முகம் விளக்குப் போட்டதுபோல் ஆகிவிட்டது அவளுக்கு. "இப்ப எவ்வளவு இருக்கு?"

"நானூத்தி முப்பது."

"வாரத்துக்கு எவ்வளவு ஏறும்?"

"கக்காம இருந்தா நூறு."

அவள் உதடு அசைந்தது. விரல்கள் முந்தானைக்குள் மடங்கின. ஐந்து வாரம், ஐந்நூறு. கூட்டினால் தொள்ளாயிரத்து முப்பது. எழுபது கிராம் குறைகிறது. அதுவும் கல்யாண நாளன்றைக்கு. கட்டில் போட வேண்டும், மெத்தை தைக்க வேண்டும், பத்து நாளாவது முன்கூட்டி அறை கைக்கு வர வேண்டும். இதில் ஒன்றையும் வாய்விட்டுச் சொல்லாமல், "சாப்பிடுங்க காக்கா, ஆறிடும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். அந்த வீட்டில் விருந்து கூடக் கூடத்தான் கெடு நெருங்குகிறது என்று அர்த்தம். சைனபி இருந்தவரை அவர் தட்டுக்கு மத்திக் குழம்பும் சோறும் வரும், அது உறவு. இப்போது தினமும் அயக்கூரை வந்தது. இம்பிச்சிக்கோயா வறுத்த மீனின் உள்சதையைக் குட்டிக்கு எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கீழே அனுப்பிவிடுவார்.

குட்டி ஏறியது. ஐந்நூற்று இருபது. அடுத்த வெள்ளிக்கிழமை அறுநூறு. விலா எலும்பின் மேல் சதை பிடித்தது. ரோமத்தில் மினுமினுப்பு வந்தது. அவர் தஸ்பீஹ் மணிமாலையைப் பிடித்து இழுத்து விளையாடக்கூட ஆரம்பித்துவிட்டது. அறுநூறு கிராமில் அவருக்கு மனசு நிறைந்த மாதிரியே இடிக்கவும் செய்தது. இன்னும் நானூறு. அப்புறம் பெட்டி, கயிறு.

மூன்றாவது வாரம் திரும்பவும் கக்க ஆரம்பித்தது. ஐந்நூற்று எழுபது. ஐந்நூற்று முப்பது. மருந்தா, மீனா, தண்ணீரா என்று அவர் மூளையைக் குழப்பிக்கொண்டார். தாம்பாளத்தை வெந்நீரில் கழுவினார். இரண்டு ஸ்பூனை ஒன்றரை ஸ்பூனாக்கினார். ஒரு நாள் மத்தியானம் கட்டிலோரத்தில் அது கக்கி வைத்ததைத் துடைக்கும்போது துணியில் வெள்ளையாக என்னவோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தார். முந்திரிப் பருப்பு.

அவர் அறையில் முந்திரி ஏது?

அவர் அறையை விட்டு வெளியே போவது தொழுகைக்குத்தான். பெண்டாட்டி வீட்டில் அறையைப் பூட்டிக்கொண்டு போகிற வழக்கம் இல்லை. பூட்டினால் அது அவமரியாதை. அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் வழக்கம்போல் இறங்கினார். பள்ளிவாசல் குளத்துப் படிக்கட்டு வரைக்கும் போனார். பள்ளிக்குப் போகவில்லை, திரும்பினார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, வலிக்கிற முட்டியைக் கையால் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் மாடி ஏறினார்.

அறைக்கதவு திறந்திருந்தது. பாத்தேயி குந்தியிருந்தாள். முன்னால் ஒரு தட்டு நிறைய நெய்ச்சோறும் கோழியும். குட்டி முன்னங்கால் இரண்டையும் தட்டுக்குள் வைத்து, தலை தெரியாமல் விழுங்கிக்கொண்டிருந்தது. நிலைக்கதவைப் பிடித்தபடி இவருக்கு முதுகு காட்டிக் கதீசபி நின்றிருந்தாள்.

"இன்னும் ஒரு கை போடு."

"கக்கிடும் இத்தாத்தா. நேத்தும் கக்கிச்சு."

"கக்கினா திரும்பப் போடு. கொஞ்சமாச்சும் உள்ள நிக்காதா? அவரு ஸ்பூன்ல அளந்து கொடுத்துட்டிருந்தா இது எந்தக் காலத்துல ஒரு கிலோ ஆகறது? ஞாயித்துக்கெழம கட்டில் வருதுடி."

பாத்தேயிதான் முதலில் அவரைப் பார்த்தாள். கையிலிருந்த சோறு அப்படியே நின்றது. கதீசபி திரும்பினாள்.

இம்பிச்சிக்கோயா உள்ளே போய்க் குட்டியைத் தூக்கினார். தட்டிலிருந்து பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது. அவர் தோளிலேயே அது கக்கியது.

"எத்தன நாளா?" என்றார்.

பாத்தேயி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"கேக்கறேன் கதீசா. எத்தன நாளா?"

"நல்லதுக்குத்தானே காக்கா?" என்றாள் கதீசபி. அவள் கெட்டவள் இல்லை. அக்காவுக்கு மூச்சிரைத்த நாலு ராத்திரியும் தூங்காமல் விசிறியவள் அவள்தான். "அதுக்கும் வயிறு நெறையும், உங்களுக்கும் மனசு நெறையும்னுதான். நான் உங்களப் போகச் சொன்னேனா? ஒரு வார்த்த சொன்னேனா? இந்த வீட்டுல யாராவது ஒரு வார்த்த சொன்னாங்களா?"

"இல்ல. சொல்லல."

"பின்ன?"

"சொல்லியிருக்கலாம்" என்றார் அவர். "ஒத்த வார்த்தைல முடிஞ்சிருக்கும். அந்த வார்த்தைய வாயால சொல்ல வெக்கப்பட்டு, இது வயித்துல கொண்டு போட்டீங்களே. இதுக்கு என்ன தெரியும், புதியாப்பிளையா இது?"

கதீசபி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கீழே ஓடினாள். பாத்தேயி தரையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

குட்டி இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. டாக்டரம்மா ஊசி போட்டாள், திட்டினாள், சர்க்கரைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடச் சொன்னாள். அவர் மடியை விட்டு இறக்கவில்லை. "ஒருத்தரும் புடுங்க வர மாட்டாங்க, மெதுவா" என்று அதன் காதில் சொன்னார். அது பொய் என்று தெரிந்தேதான் சொன்னார். மூன்றாம் நாள் கண்ணைத் திறந்து, படிக்கல்லில் ஒட்டியிருந்த மீனை நக்கியது. எடை நானூற்றுத் தொண்ணூறு.

சனிக்கிழமை காலை அவர் எல்லாரையும் மேலே கூப்பிட்டார். கதீசபி வந்தாள். கல்யாணப்பெண் ஷபானா வந்தாள். பாத்தேயி கதவுக்கு வெளியிலேயே நின்றாள். கட்டில் மறுநாள் வரப்போகிறது.

"எடை போட்டுடலாம்னு பாத்தேன்" என்றார்.

ஒரு தட்டில் இரண்டு ஐந்நூறு கிராம் கல்லை வைத்தார். மறு தட்டில் துணி விரித்துக் குட்டியை உட்கார வைத்தார். தராசைத் தூக்கினார்.

வலியங்காடியில் 'சுண்டுவிரல்' என்றாலே எல்லாருக்கும் தெரியும். கைத்தராசைப் பிடிக்கிறவன் சுண்டுவிரலைத் தண்டின் மேல் ஓர் இழை சாய்த்தால் போதும், முள் அவன் சொன்னபடி கேட்கும். சாய்த்துச் சாய்த்தே மாடி வீடு கட்டினவர்கள் உண்டு. முப்பத்தெட்டு வருஷத்தில் இம்பிச்சிக்கோயாவின் சுண்டுவிரல் தண்டைத் தொட்டதில்லை. அந்த ஒரு பேருக்காகத்தான் சைனபியின் வாப்பா அவருக்குப் பெண் கொடுத்தார்.

சுண்டுவிரல் சாய்ந்தது. முள் நேராக நின்றது.

"ஒரு கிலோ" என்றார்.

"மெய்யாவா மூத்தாப்பா?" ஷபானா குட்டியையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தராசு பொய் சொல்லுமா மோளே?"

கதீசபி "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். ஐந்தாறு நாளாக முகத்தில் கட்டி வைத்திருந்த இருட்டு ஒரே மூச்சில் கழன்று போனது. அவளுக்கு எடை பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள அவசியமும் இல்லை.

பாத்தேயிக்குத் தெரியும். கோழியைக் காலைப் பிடித்துத் தூக்கினாலே கிராம் சுத்தமாகச் சொல்லுகிற கை அவளுடையது. உள்ளே வந்து தராசுத் தட்டிலிருந்து குட்டியை எடுத்தாள். எடுத்தவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன பாத்தேயி, சரியா இருக்கா?" என்று கேட்டாள் கதீசபி.

பாத்தேயி குட்டியை ஒரு தடவை ஏந்திப் பார்த்தாள். "இருக்கு இத்தாத்தா. ஒரு கிலோ நல்லாவே இருக்கு" என்று சொல்லிக் குட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கினாள்.

அன்று மத்தியானம் அவருக்குப் போட்ட விருந்தைப் பற்றிக் குற்றிச்சிறையில் ஒரு வாரம் பேசினார்கள். முதல் சம்பந்தத்துக்குப் போடுகிற மாதிரி போட்டார்கள். ஆட்டுத் தொடை, கோழி நிறைச்சது, அயக்கூரை, முட்டைமாலை இனிப்பு. சுற்றி நின்று "இன்னும் ஒண்ணு காக்கா, இன்னும் ஒண்ணு" என்று வைத்தார்கள். ஒரு பத்திரி தின்று முடித்து இயல்பாகவே தலையை நிமிர்த்தினார். அடுத்த பத்திரிக்கு முன்னால் வலியங்காடியில் என்ன நடந்தது என்று கேட்க ஆளில்லை. எல்லாப் பத்திரியும் ஒரேயடியாகத் தட்டில்தான் கிடந்தது. குனிந்து பறக்கப் பறக்க விழுங்கினார், சீக்கிரம் முடிந்தால் போதும் என்று. "வயிறார சாப்பிட்டாரு" என்று கதீசபிக்கு ஒரே திருப்தி. அந்த வீட்டுப் பெருமை முழுசாகத் தப்பித்துவிட்டது.

பெட்டியை ஒருவன் தலையில் தூக்கிக்கொண்டு முன்னால் போனான். இவர் குட்டியைத் துணிப்பையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் நடந்தார். மூன்று சந்து தள்ளித்தான் அவர் பிறந்த வீடு. குளத்து முக்கில் நின்றார். பையை மதில் மேல் வைத்துவிட்டு, சாக்கடையோரமாகக் குனிந்து, தின்ற விருந்து முழுசையும் வெளியே தள்ளினார். வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது பைக்குள்ளிருந்து குட்டி தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் பையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

தங்கை குஞ்ஞீபி வாசலுக்கே வந்துவிட்டாள். அறுபது வயது, அந்த வீட்டின் சாவிக்கொத்து அவள் இடுப்பில்தான். "வாங்க காக்கா, வாங்க" என்று கையைப் பிடித்து முன்கூடத்தில் உட்கார வைத்தாள். உள்ளேயிருந்து தங்கை பெண்களும் அவர்கள் பிள்ளைகளும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். முன்கூடத்துக்கு மூன்று பக்கம் வழி. நாலாவது பக்கம் சுவர். கதவு என்று ஒன்றும் இல்லை.

"படச்சவனே, என்ன குட்டி இது, எலும்பும் தோலுமா! அந்த வீட்டுல பச்சத் தண்ணிகூடக் குடுக்கலியா?" குஞ்ஞீபி உள்ளே குரல் கொடுத்தாள். அவர் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் ஒரு கிண்ணம் நிறையச் சோறும் மீனும் வந்துவிட்டது. குட்டி பையிலிருந்து குதித்தது.

அவர் கிண்ணத்துக்கும் குட்டியின் வாய்க்கும் நடுவில் கையை வைத்தார். அது விரலைக் கீறியது. ஒரு துண்டை எடுத்து முள் பார்த்து, பிசைந்து, உள்ளங்கையில் தடவிக் காட்டினார்.

"என்ன காக்கா, வாயில்லா ஜீவனுக்குப் போய் அளந்து குடுக்கறீங்க? நம்ம வீட்டுல என்னைக்காவது தீனிக்குக் கணக்குப் பாத்திருக்கோமா?" குஞ்ஞீபிக்கு மனத்தாங்கலாகிவிட்டது. பெட்டியைப் பார்த்தாள். பெட்டியைச் சுற்றியிருந்த கயிற்றைப் பார்த்தாள். பிறகு, ரொம்ப அன்பாக, "படுக்கறதுக்குப் பாயா காக்கா, கட்டிலா? ரெண்டு மூணு நாளுன்னா பாய் போதும். கட்டில்னா பரண்லேருந்து எறக்கணும், அதான்" என்றாள்.

அண்ணன் எத்தனை நாள் இருப்பான் என்று கேட்கிற நாக்கு அந்த வீட்டிலும் பிறந்ததில்லை.

இம்பிச்சிக்கோயா நிமிர்ந்து பார்க்கவில்லை. குட்டி அவர் உள்ளங்கையை நக்கிக்கொண்டிருந்தது.

"பாய் போதும் குஞ்ஞீபி. இது ஒரு கிலோ ஆகட்டும். நான் போயிடறேன்."

எங்கே என்று அவள் கேட்கவில்லை. முகம் தெளிந்து, உள்ளே திரும்பிக் கூப்பிட்டாள்: "புள்ளைகளா, பூனைக்கு இன்னும் ரெண்டு துண்டு மீன் கொண்டாங்க!"